ஆடாத ஆட்டங்களின் கணக்கு

எங்கள் செஸ் கிளப்புக்கு இணையவழி ஏணிப் போட்டி ஒன்றை நான் நடத்துகிறேன் என்று கையைத் தூக்கியபோது, வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து, அந்த வாரத்து முடிவுகளைப் பட்டியலில் ஏற்றிவிட்டு எழுந்துவிடலாம், வேறென்ன இருக்கப்போகிறது? பதினாறு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால், வாரத்துக்குப் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாமல் போயிருந்தது. அதில் செஸ் பற்றிய வேலை ஒரு மணி நேரம்கூட இருக்காது. "அவருக்கு மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டேன், பதில் இல்லை", "எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லையே", "நான் இப்போது எத்தனையாவது படி?" என்பவற்றைப் படித்து, கோபத்தை ஆற்றி, நள்ளிரவில் புது விதி எழுதி, மறுநாள் காலையில் அந்த விதிக்கே விளக்கம் எழுதிப் போன நேரம்தான் மீதி. ஆடி முடித்த ஆட்டங்கள் ஒரு நாளும் எனக்குத் தொல்லை தரவில்லை. ஆடாமல் போன ஆட்டங்கள்தான் என்னைப் படாத பாடு படுத்தின.

ஏன் ஏணி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கூடும் அறை சில மாதங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும், கிளப் கலைந்துவிடாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பெயர் கொடுத்தவர்கள் 34 பேர். எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆடுவதென்றால் 561 ஆட்டங்கள். நினைத்துப் பார்க்கவே வேண்டாம். ஏறக்குறைய சமப் புள்ளி எடுத்தவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் சுவிஸ் முறை என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டும். இரவுப் பணிக்காரர்கள், தேர்வுக்குப் படிப்பவர்கள், வெளிநாட்டுக்குப் போய்விட்ட இருவர் என்று இருக்கும் கூட்டத்தில் அதுவும் நடக்காது. ஏணியில் இந்தச் சிக்கல் இல்லை. எல்லோரையும் ஒரு பட்டியலில் வரிசையாக நிறுத்துகிறோம். கீழே இருப்பவர் தனக்குச் சில படிகள் மேலே இருப்பவருக்குச் சவால் விடுகிறார். வென்றால் அந்தப் படி அவருக்கு. தோற்றவரும் இடையில் இருந்தவர்களும் ஒவ்வொரு படி இறங்குகிறார்கள். தோற்றால் எதுவும் மாறாது. இரண்டு பேருக்கு நேரம் ஒத்துவந்தால் போதும். காகிதத்தில் இதைவிட அழகான போட்டி கிடையாது. என்னுடைய முதல் விதித்தாள் ஒன்பதே வரி. போட்டி முடியும்போது அது நான்கு பக்கமாகியிருந்தது. கூடிய ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது.

முதல் சண்டை போட்டி தொடங்குவதற்கு முன்பே வந்தது. யாரை எந்தப் படியில் நிறுத்துவது? ஆட்ட வலிமையைக் காட்டும் எண்ணான ரேட்டிங்படி நிறுத்தலாம் என்று நினைத்தேன். சிலருக்கு உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயின் ரேட்டிங் இருந்தது. சிலர் லிசெஸ் தளத்து எண்ணைக் கொடுத்தார்கள், சிலர் செஸ்.காம் எண்ணை. இவை மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. லிசெஸில் புதிதாகச் சேர்பவர் 1500-இல் தொடங்குவார். ஒரே ஆளுக்கு இரு தளங்களிலும் இருநூறு, முந்நூறு புள்ளி வித்தியாசம் இருப்பது சாதாரணம். போதாக்குறைக்கு, ஒருவர் கொடுத்தது மூன்று நிமிட பிளிட்ஸ் எண், இன்னொருவர் கொடுத்தது நிதானமாக ஆடும் ராபிட் எண். அத்தனையையும் ஒரே நெடுவரிசையில் போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, பெருமையாகக் குழுவில் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் மூத்தவர் ஒருவர், "என்னைத் தொடர்ந்து ஆறு வருடமாக வெல்ல முடியாதவன் எனக்கு ஏழு படி மேலே நிற்கிறானே, இது என்ன நியாயம் தம்பி?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. இப்போது செய்வதாக இருந்தால், ஒரே தளத்தில், ஒரே வகை ஆட்டத்தின் எண்ணை மட்டும் எடுப்பேன். அது இல்லாதவர்களை ஆறேழு ஆட்டம் ஆடச்சொல்லி ஓர் எண் வந்த பிறகு சேர்ப்பேன். அதற்கு மேல் துல்லியம் தேட மாட்டேன், ஏனென்றால் தொடக்க வரிசையின் தவறுகளைத் திருத்துவதற்காகத்தான் ஏணியே இருக்கிறது. நான் செய்த தவறு, அந்தப் பட்டியலை ஏதோ தீர்ப்பு மாதிரி அறிவித்தது. சும்மா ஒரு தொடக்கம்தான் என்று சொல்லியிருந்தால் பாதிப்பேர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

முதல் இரண்டு வாரங்களில் 34 பேருக்குள் நடந்தவை மொத்தம் ஒன்பது ஆட்டங்கள். அதிலும் ஐந்து ஆட்டங்கள் அதே நான்கு இளைஞர்களுக்குள். மற்றவர்களைக் கேட்டால் எல்லோருக்கும் ஆர்வம் இருக்கிறது, யாருக்கும் நேரம் இல்லை. சவால் விட்டவர் "உங்களுக்கு எப்போது வசதிப்படும்?" என்று கேட்பார். மேலே இருப்பவர் "நீங்களே சொல்லுங்கள்" என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். இருவருமே மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அந்த மரியாதையிலேயே ஆட்டம் செத்துப்போகும். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து: சவால் விடும் செய்தியிலேயே மூன்று நேரங்களைச் சொல்லியாக வேண்டும். குறைந்தது ஒன்று வார இறுதியில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் மேலே இருப்பவர் அதில் ஒன்றை ஏற்க வேண்டும், அல்லது தன் பங்குக்கு மூன்று நேரங்களைச் சொல்ல வேண்டும். பத்து நாளுக்குள் ஆட்டம் நடந்தே ஆக வேண்டும். சவால் தனிச் செய்தியில் போகக்கூடாது. எல்லோரும் பார்க்கும் குழுவில்தான் போட வேண்டும். இந்தக் கடைசி வரி சின்னதாகத் தெரியும். ஆனால் "எனக்குச் செய்தி வரவே இல்லை" என்ற புகார் அதோடு அடியோடு ஒழிந்தது. இந்த விதியை நான்காவது வாரம் கொண்டுவந்தேன். முதல் நாளே இருந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பிறகு தெரிந்தது, இதில் நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று. அஞ்சல் அட்டையில் ஒவ்வொரு நகர்த்தலாக எழுதி அனுப்பி ஆடிய அஞ்சல்வழிச் செஸ்காரர்கள் இந்த நோயை எப்போதோ பார்த்துவிட்டார்கள். அவர்களுடைய சர்வதேசச் சம்மேளனம் 1951-இல் தொடங்கியது. எதிராளியிடமிருந்து பதில் வராவிட்டால் எப்போது நினைவூட்ட வேண்டும், எப்போது நடுவரிடம் போக வேண்டும் என்றெல்லாம் அவர்கள் விதி வகுத்து வைத்திருக்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஆடிப் பழகிய நமக்கு மௌனத்துக்கும் விதி வேண்டும் என்பது தோன்றவே தோன்றாது.

அடுத்தது முதல் படிக்காரர். எனக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். போட்டி தொடங்கி ஐந்து வாரம் ஆகியும் ஒரு சவாலையும் ஆடவில்லை. மறுக்கவும் இல்லை. "இந்த வாரம் கொஞ்சம் வேலை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இதமாகப் பதில் வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் படிகளில் இருந்தவர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். எந்த முகத்தோடு நான் அவரிடம் போய், "ஐயா, நீங்கள் ஆடாததால் தோற்றதாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்வது? இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வாரத்தில் நான்கு பேர் சவால் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். மேலே போக வழியில்லாத ஏணியில் யார் ஏறுவார்கள்? கடைசியில் ஒரு விதி எழுதினேன்: 21 நாள் ஒரு ஆட்டமும் ஆடாதவர் தானாகவே மூன்று படி இறங்குவார், காரணம் எதுவானாலும். உடல்நலமோ பயணமோ என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போட்டிக்காலத்தில் ஒருமுறை மட்டும் இரண்டு வாரம் விடுப்பு எடுக்கலாம். விதி எல்லோருக்கும் பொது என்றாலும், அது யாருக்காக எழுதப்பட்டது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் நான்காம் படிக்கு இறங்கிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அவரே மூன்றாம் படிக்காரருக்குச் சவால் விட்டிருந்தார், கேட்டபடி மூன்று நேரங்களோடு. ஆளைப் பார்த்து எழுத வேண்டிவரும் முன்பே, ஆள் யாரென்று தெரியாத முதல் நாளில் இப்படிப்பட்ட விதிகளை எழுதிவிடுங்கள்.

என்னை உண்மையிலேயே வெட்கப்பட வைத்தது கடைசிப் படியில் இருந்த பள்ளி மாணவன் அனுப்பிய ஒரு செய்தி. "அங்கிள், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்திருந்தான். என் விதிப்படி ஒருவர் மூன்று படி வரைதான் மேலே சவால் விடலாம். அவன் 34-ஆம் படி. முதல் படிக்குப் போக 33 படி ஏற வேண்டும். ஒரு தாவலுக்கு மூன்று என்றால் பதினொரு வெற்றி. தொடக்கத்தில் நான் ஓர் ஆட்டத்துக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம். எதிராளிகள் முழு அவகாசத்தையும் எடுத்துக்கொண்டால் பதினாறு வாரத்தில் எட்டு ஆட்டங்கள்தான் ஆட முடியும். எல்லாவற்றிலும் வென்றாலும் பத்தாம் படியோடு சரி. "அப்படியென்றால் நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஜெயிக்க முடியாதா?" என்று கேட்டிருந்தான். நான் அந்தக் கணக்கைப் போட்டே பார்க்கவில்லை. கீழே இருந்து வேறு யாராவது அவனைத் தாண்டிப் போனால் ஒவ்வொரு முறையும் அவன் ஒரு படி இறங்குவான் என்பது வேறு. அவகாசத்தைப் பத்து நாளாக்கியது பாதி மருந்துதான். மீதிப் பாதி, தாவும் தூரத்தை நிற்கும் இடத்துக்கு ஏற்ப வைப்பது. இப்போது எங்கள் விதி: உங்கள் படி எண்ணில் நான்கில் ஒரு பங்கு வரை மேலே சவால் விடலாம், குறைந்தது இரண்டு படி. 34-இல் இருப்பவர் எட்டுப் படி தாவி 26-க்குப் போகலாம், அங்கிருந்து 20, பிறகு 15, 12, 9, 7, 5, 3, 1. ஒன்பது வெற்றியில் உச்சி. கீழே வேகமாக ஏறலாம், மேலே போகப்போகப் படி குறுகும். உங்கள் போட்டிக்கு எந்தத் தூரம் வைத்தாலும், கடைசி ஆள் முதல் படிக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தாவும் தூரத்தை மாற்றிய கையோடு இன்னொரு பூதம் கிளம்பியது: ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சவால்கள். பன்னிரண்டாம் படிக்காரர் ஒன்பதாம் படிக்காரருக்குச் சவால் விட்டிருக்கிறார். அந்த ஆட்டம் நடப்பதற்குள் ஒன்பதாம் படிக்காரர் ஏழாம் படிக்காரரை வென்று மேலே போய்விடுகிறார். இப்போது பன்னிரண்டாமவர் வென்றால் அவருக்கு ஒன்பதா, ஏழா? இரண்டு பேரும் ஆளுக்கொரு பதிலோடு வந்தார்கள். இரண்டும் நியாயமாகவே பட்டது. யோசித்துப் பார்த்து, சவால் விட்டது ஆளுக்குத்தானே தவிரப் படிக்கு இல்லை என்று முடிவு செய்தேன்: ஆட்டம் முடிந்த நேரத்தில் எதிராளி எங்கே நிற்கிறாரோ அந்தப் படி. கூடவே, ஒருவர் ஒரே சமயத்தில் ஒரு சவாலை விடலாம், ஒரு சவாலை ஏற்கலாம். அதற்கு மேல் கூடாது. இதில் எந்த முடிவை எடுக்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆட்டத்துக்கு முன்பா பின்பா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு எடுக்கும் எந்த முடிவும் ஒருவருக்கு ஓரவஞ்சனையாகத்தான் தெரியும்.

பட்டியலை எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு விரிதாளில் வைத்திருந்தேன், வேலை குறையட்டும் என்று. ஆறாவது வாரம் ஒரு நல்ல மனிதர், பெயர்களை அகர வரிசையில் பார்க்கலாமே என்று பெயர் நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் ஒரு பக்கம், படி எண்கள் ஒரு பக்கம். அதைக் கவனிக்காமல் இன்னும் மூன்று பேர் தங்கள் முடிவுகளை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணி நேரம், பழைய பதிப்புகளைத் தோண்டி எடுத்துச் சரிசெய்தேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை, நானும் யாரோடும் பேசும் நிலையில் இல்லை. அன்று கற்றுக்கொண்டது இது: பட்டியலைச் சேமிக்காதீர்கள், முடிவுகளைச் சேமியுங்கள். தேதி, நேரம், சவால் விட்டவர், ஏற்றவர், முடிவு, ஆட்டத்தின் இணைப்பு என்று ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி, நடந்த வரிசையில். தொடக்க வரிசையும் இந்தக் குறிப்பேடும் இருந்தால் இன்றைய ஏணியை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டிவிடலாம். ஏணியைப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி, எழுத ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும். ஆட்டத்தின் இணைப்பு இல்லாமல் எந்த முடிவையும் ஏற்காதீர்கள். நண்பர்கள்தானே என்று வாய்வார்த்தையை ஏற்றேன். இரண்டு மாதம் கழித்து, "அது பத்து நிமிட ஆட்டம், கணக்கில் வராது" என்று ஒருவர் சொன்னபோது காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நேரக் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "ஏழரைக்கு ஆடலாம்" என்றால் காலையா மாலையா, யாருடைய ஏழரை என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். வெளிநாட்டில் இருந்த இருவரில் ஒருவர் ஐரோப்பாவில், ஒருவர் அமெரிக்காவில். ஐரோப்பாவில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. கடிகாரத்தை மாற்றும் பழக்கமே இல்லாத எங்களுக்கு, இரண்டு வாரத்தில் இரண்டு பேருடைய நேரமும் தனித்தனியாக நகர்ந்தது. இரண்டு ஆட்டங்கள் இதனால் போயின, ஒவ்வொன்றிலும் ஒருவர் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார். இப்போது ஒரே நேரத்தை, கிளப்பின் நேரத்தை மட்டும் எழுதுகிறோம். வெளியூர்க்காரர் தன் நேரத்தைத் தானே கணக்கிட்டு, பதிலில் அதை எழுதி உறுதி செய்ய வேண்டும். தாமதத்துக்குப் பதினைந்து நிமிடம் சலுகை. அதற்கு மேல் ஆட்டம் காத்திருந்தவருக்கு.

ஆட்ட நேரமாக முதலில் ஆளுக்குப் பத்து நிமிடம், கூடுதல் வினாடி எதுவும் இல்லாமல் வைத்தேன். இது பெரிய பிழை. ஜெயிக்கும் நிலையில் இருந்தவர்கள் சுட்டி தடுக்கி, இணையம் இழுத்து, கடைசி மூன்று வினாடியில் தோற்றார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில வினாடிகளைச் சேர்த்துக்கொடுக்கும் கடிகாரத்துக்கு முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1980-களின் இறுதியிலேயே காப்புரிமை வாங்கினார். இணையத்தில்தான் அதன் அருமை முழுதாகப் புரிகிறது. பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து வினாடி என்று மாற்றியதும் நேரத்தகராறு பாதியாகக் குறைந்தது. பாக்கி இருந்ததில் ஒன்றை மறக்க முடியாது. ஒருவரிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், நேரம் முடிந்துவிட்டது. எதிராளியிடம் ராஜாவும் ஒற்றைக் குதிரையும். ஒற்றைக் குதிரையால் மேட் வைக்க முடியாதே, இது டிராதான் என்று ஒருவர். தளம் குதிரைக்காரர் வென்றதாகக் காட்டிவிட்டது. ஃபிடே விதிப்படி, எந்த வகை விதிப்படியான நகர்த்தல்களாலும் மேட் வர வழியே இல்லை என்றால்தான் அது டிரா. மூலையில் மாட்டிய ராஜாவுக்கு அதன் சொந்தச் சிப்பாயே தப்பும் கட்டத்தை அடைத்துக்கொண்டால், குதிரை மேட் வைக்க முடியும். எல்லாத் தளங்களும் இதை ஒரே மாதிரி நடத்துவதில்லை. எனவே விதியில் ஒரு வரி: தளம் என்ன முடிவு காட்டுகிறதோ அதுவே முடிவு. சரியோ தவறோ, அதன் பிறகு எனக்கு நிம்மதி.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் இந்த வரி எல்லோருக்கும் கசந்தது. பெரிய இடத்திலேயே இது தீராத தலைவலி. 2020-இல் நாடுகளின் அணிகள் மோதிய இணையவழிச் செஸ் ஒலிம்பியாடின் இறுதிச் சுற்றில், உலக அளவில் ஏற்பட்ட இணையக் கோளாறால் இந்திய வீரர்களின் இணைப்பு நடு ஆட்டத்தில் போய்விட, கடைசியில் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்கள் என்று ஃபிடே அறிவித்தது. அதே ஆண்டு வேறொரு இணையப் போட்டியில், சீன வீரர் டிங் லிரனின் இணைப்பு அறுந்து அவர் ஆட்டத்தை இழந்தார். அடுத்த ஆட்டத்தில் அவருடைய எதிராளி, அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன், அதை ஈடுகட்ட வேண்டுமென்றே ராணியைக் கொடுத்துவிட்டுத் தோல்வியை ஏற்றார். இந்தக் கதையை நான் குழுவில் பெருமையாகப் பகிர்ந்தேன். அதன் விளைவு, இணைப்பு போனவர்கள் எல்லோரும் எதிராளி கார்ல்சனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள்! பெருந்தன்மையை விதியாக்க முடியாது. இணைப்பு போனால் தோல்வி. எதிராளி விரும்பினால் மறு ஆட்டம் தரலாம், தராவிட்டால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று எழுதிவைத்தேன். தந்தவர்கள் நிறையப் பேர். கேட்காமல் இருந்தவர்கள் குறைவு.

டிராவைப் பற்றி ஒரு வார்த்தை. டிரா ஆனால் படி மாறாது என்றால், மேலே இருப்பவர் எல்லாவற்றையும் வெட்டிக் குறைத்து டிராவுக்கே ஆடுவார். டிரா செய்த சவால்காரர் அவருக்கே உடனே மறு சவால் விடலாம், அப்போது வெள்ளைக் காய்கள் சவால்காரருக்கு என்று வைத்த பிறகு ஆட்டங்களில் கொஞ்சம் உயிர் வந்தது.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதி. நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுத்தொகை வைத்திருந்தேன். பரிசு இருந்தால் ஆர்வம் வரும் என்று நினைப்பு. ஆர்வத்தைவிடச் சந்தேகம்தான் சீக்கிரம் வந்தது. செஸ் என்ஜின் எனப்படும் செஸ் ஆடும் மென்பொருள் இன்று யார் கைப்பேசியிலும் இருக்கிறது. உலக சாம்பியனைவிட வலுவாக ஆடும். ஒன்பதாவது வாரம், நடுப்படியில் இருந்த ஒருவர் தன்னைவிட இருநூறு புள்ளி அதிகம் உள்ள மூன்று பேரைத் தொடர்ந்து வென்றார். தோற்றவர்களில் இருவர் எனக்குத் தனித்தனியாக எழுதினார்கள். ஆட்டங்களைத் தளத்தின் ஆய்வில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் துல்லியம், அதாவது என்ஜின் ஆடியிருக்கக்கூடியதற்கு அவர் ஆட்டம் எவ்வளவு நெருக்கம் என்ற அளவு, 96 சதவீதம் என்று காட்டியது. அன்றிரவே அவரை அழைத்து, "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார், சில பேர் கேட்கிறார்கள்" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்கள் கேட்கிறீர்களா, அவர்கள் கேட்கிறார்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் போட்டியிலிருந்தும் குழுவிலிருந்தும் விலகிவிட்டார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ கணக்குப்படி, ரேட்டிங்கில் இருநூறு புள்ளி குறைந்தவர் நூறு ஆட்டங்களில் சுமார் 24 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார். டிராவை விட்டுவிட்டு மொட்டையாகக் கணக்கிட்டால்கூட, தொடர்ந்து மூன்றை வெல்வது சுமார் எழுபதில் ஒருமுறை நடக்கும். 34 பேர் நான்கு மாதம் ஆடும் போட்டியில் அப்படி ஒன்று எங்காவது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. அவர் இணையத்தில் அதிகம் ஆடாதவர், எண்ணே குறைவாக இருந்திருக்கலாம். 96 சதவீதம் வந்த ஆட்டம் 21 நகர்த்தலில் முடிந்தது. முதல் பதினொன்று திறப்பாட்டப் புத்தகத்தில் இருப்பவை, மீதியில் எதிராளி ஒரு யானையைச் சும்மா விட்டிருந்தார். அப்படிப்பட்ட ஆட்டத்தில் யார் ஆடினாலும் துல்லியம் அதிகமாகத்தான் காட்டும். இதையெல்லாம் அழைப்பதற்கு முன்பு பார்க்க எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

சந்தேகம் வந்தால் நீங்கள் துப்பறியாதீர்கள். ஆட்டத்தை, ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்கும் தளத்தின் நேர்மை ஆட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்த நேரம் தொடங்கி எத்தனையோ தரவுகள் இருக்கின்றன, நம்மிடம் இருப்பது வயிற்றெரிச்சலும் ஒரு சதவீத எண்ணும்தான். புகார் கொடுப்பவரும் அதைக் குழுவில் பேசக்கூடாது, பேசினால் அவரும் படி இறங்குவார் என்று விதியில் எழுதுங்கள். தளம் கணக்கை மூடினால் என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். எங்களுக்கு அதுவும் நடந்தது. பன்னிரண்டாவது வாரம் வேறொருவருடைய கணக்கைத் தளம் மூடியது. யாருமே சந்தேகிக்காத ஆள். அவர் வென்ற ஆறு ஆட்டங்களையும் திரும்பப் பெற்று ஏணியைப் பின்னோக்கிக் கட்டலாமா என்று முயன்றேன். ஒன்றை இழுத்தால் நாற்பது ஆட்டம் சரிகிறது. கடைசியில் அவரை நீக்கி, அவருக்குக் கீழே இருந்தவர்களை ஒரு படி ஏற்றி, அவரிடம் தோற்றவர்களுக்கு மட்டும் தூரக் கட்டுப்பாடு இல்லாத ஒரு சவாலைக் கொடுத்தேன். முழு நியாயம் இல்லை. அன்று என்னால் முடிந்தது அதுதான்.

பணக்கணக்கு இப்படி முடிந்தது: கணக்கு மூடப்பட்ட விஷயத்துக்குப் பிறகு பாதிப்பேர் கட்டணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் கொடுப்பது சரியில்லை என்று எல்லோருக்கும் கொடுத்தேன். அதற்குள் கோப்பைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, தளத்தின் கட்டணச் சேவையை நான்கு மாதத்துக்கு வாங்கியாகிவிட்டது. அந்தச் சேவையில் எங்கள் ஏணிக்குப் பயன்பட்டது ஒன்றுமே இல்லை, இலவசக் கணக்கே போதும். என் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கையைவிட்டுப் போனது. போகட்டும். கோப்பையில் வருடம் எதையும் பொறிக்காததால் அடுத்த முறைக்கு ஆகும்.

இரண்டாவது பருவம் இப்போது நடக்கிறது. கட்டணம் இல்லை, பரிசுத்தொகை இல்லை. 27 பேர். இரண்டு பேர் என்னோடு சேர்ந்து முடிவுகளைப் பதிகிறார்கள், ஒருவர் அந்தப் பள்ளி மாணவன். புகார் வந்தால் நாங்கள் மூவரும் பார்க்கிறோம், புகாரில் சம்பந்தப்பட்டவர் எங்களில் ஒருவரானால் அவர் விலகிக்கொள்கிறார். போன வாரம் எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

விலகிப்போனவருக்கு முதல் பருவம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். படித்துவிட்டார் என்று தெரிந்தது. இரண்டாவது பருவத்துக்குப் பெயர் கேட்டும் எழுதினேன். அதையும் படித்தார். சில இரவுகளில் முடிவுகளைப் பதியத் தளத்துக்குள் போகும்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்கும். யாரோ முன்பின் தெரியாதவரோடு ஆடிக்கொண்டிருப்பார். திறந்து பார்க்கலாம், யாரும் பார்க்கலாம். நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.